வெறுங்காலால் ஏற விடாத மலை

அக்கா,

சட்டன் நகரில் நீங்கள் இருந்த வீட்டில் உங்கள் அலுமாரியை ஒதுக்கும்போது இத்தாலியில் எடுத்த படம் கையில் வந்தது. அந்த மலைக் கிராமத்தின் பழைய கல்வாசலில் நிற்கிறீர்கள்; சேலைக்கு மேலே என் பழைய கோட். எல்லோரும் சிரிக்கிறார்கள், நீங்கள் மட்டும் இல்லை. கிழித்துப் போடலாம் போலிருந்தது, கை வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பங்குக் கோயில் சனத்தோடு கோச் பஸ் பிடித்துப் போன பயணம் அது. அதற்கு முன்னர்தான் மன்னாரில், சண்டை நேரம், உங்கள் மகனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். உயிரோடு இருக்கிறானா என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. அவன் திரும்பி வரவேண்டுமென்று, அடிவாரத்திலிருந்து உச்சியிலுள்ள மாதா கோயில் வரை வெறுங்காலால் ஏறுவதாக நேர்த்தி வைத்திருந்தீர்கள்.

கோச்சால் இறங்கியதும் சப்பாத்தைக் கழற்றினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னக்கா இது! வெள்ளைக்காரர் எல்லாம் பாக்கினம். மானம் போகுது, போடுங்கோ."

"நேர்த்தி, பிள்ளை. நான் மெல்ல மெல்ல வாறன், நீ முன்னுக்குப் போ."

விட்டேனா? தெருவிலேயே குந்தி, உங்கள் காலைப் பிடித்து நானே சப்பாத்தை மாட்டி, நாடாவையும் இறுக்கிக் கட்டினேன். பிறகு வயதானவர்களுக்கென்று நின்ற மினிபஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

உச்சியில், கோயில் வாசலில் நாங்கள் நிற்க, அந்த ஊர்க் கிழவி ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்தபடி கல்லொழுங்கையால் வெறுங்காலுடன் ஏறி வந்தாள். ஒரு வெள்ளைக்காரரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். நீங்கள் பார்த்ததை நானும் கண்டேன்.

மகன் வரவே இல்லை. சப்பாத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நூறு தரம் என்னையே கேட்டுவிட்டேன். படித்தவள் நான், பதில் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? ஒரு நாளாவது நீங்கள் என்னை ஏசியிருக்கலாம். உங்கள் பொறுமை மேல் எனக்கு இன்னும் கோபம்தான். பங்கில் யார் கேட்டாலும், "எனக்குத்தான் கால் ஏலாமல் போச்சு, அதுதான் பஸ்ஸில போனனான்" என்று என் குற்றத்தை உங்கள் காலில் போட்டுக்கொண்டீர்கள்.

போன கிழமை உங்களை அடக்கம் செய்துவிட்டு வரும்போது, அந்தப் பயணத்துக்கு வந்த ஒரு மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாவம், நேர்த்தியை முடிக்க அவவுக்குக் கால் ஏலாமல் போச்செல்லோ?"

"ஓம்" என்றேன், அக்கா.