கோல்கீப்பருக்குக் கீழே ஒரு பெயர்

ஜனவரி 9

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, நானே எழுதுகிறேன். இந்த வரியை இன்னொரு முறை படி. நான் மூன்று முறை படித்துவிட்டேன்.

முதியோர் வகுப்பில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. வகுப்பு எடுப்பது மருந்துக்கடைக்காரரின் மருமகள். "ஐயா, அது பேப்பர், டயர் இல்ல. மெதுவா அழுத்துங்க" என்கிறாள். நாற்பது வருடம் பஸ் பணிமனையில் டயர் மாட்டிய கைக்குப் பேனா மிகவும் ஒல்லி. இந்தப் பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. "போன்ல கூப்பிட்டா ரெண்டு நிமிஷம்" என்கிறாள் உன் அம்மா. போனில் பேசினால் காற்றோடு போய்விடும். இது உன்னிடம் இருக்கும்.

கால்பந்து லீக் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதையும் நானே படித்தேன், படிக்காமலே இருந்திருக்கலாம். அடுத்த பருவத்திலிருந்து லைசென்ஸ் இல்லாத கோச் பெஞ்சில் உட்காரக் கூடாதாம். கம்பி வேலிக்கு வெளியே நிற்க வேண்டுமாம். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்த நான் வெளியே. கோட்டுக்குப் பக்கத்தில் ஓடி ஓடிப் பையனுக்கு வழி சொல்லும் அப்பாமார்களுக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை. பையனைவிட அவர்களுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

நீ லைசென்ஸ் வாங்கியதில் சந்தோஷம்தான். உன் அணி ஏழு ஆட்டத்தில் ஏழும் ஜெயித்ததும் சந்தோஷம்தான். லீக் அறிவிப்புப் பலகையில் உன் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் குண்டாகத் தெரிகிறாய்.

உன் அப்பா
(சொந்தக் கையெழுத்து)

ஜனவரி 16

அன்புள்ள அப்பா,

படித்தேன். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி படித்தேன். உங்கள் 'ழ' என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. படத்தில் குண்டாகத் தெரிவது நான் இல்லை, குளிர் கோட்டு.

லைசென்ஸ் எழுத்துத் தேர்வுதான். இந்த வேகத்தில் போனால் அடுத்த வருடம் நீங்களே எழுதலாம். அதுவரை என் பெஞ்சுக்கு வாருங்கள். உதவிக் கோச்சுக்கு லைசென்ஸ் தேவையில்லை. "பந்தைப் பார்க்காதே, உதைக்கிறவன் இடுப்பைப் பார்" என்று கோல்கீப்பருக்குச் சொல்வீர்களே, அதை லைசென்ஸ் வகுப்பில் சொன்னேன். பாடம் நடத்தியவர் நோட்டில் எழுதிக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்டார், சொன்னேன்.

இருபத்தாறாம் தேதி உங்கள் மைதானத்துக்கு ஆட வருகிறோம். அம்மாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்

ஜனவரி 29

அன்பு மகளுக்கு,

ஐந்துக்குப் பூஜ்யம். உன் அம்மா இரண்டு அணிக்கும் கை தட்டினாள். உனக்கு ஐந்து முறை, எனக்குத் தண்ணீர் இடைவேளையில் ஒரு முறை.

ஆட்டம் முழுவதும் நீ ஒரு சத்தம்கூடப் போடவில்லை. எனக்கோ தொண்டை கட்டி இன்னும் சரியாகவில்லை. பக்கத்தில் நின்ற கிளப் தலைவர், "பொண்ணுக்கு அப்பாவோட கண்ணு" என்றார். சரி என்று தலையாட்டினேன். பிறகு, "இல்ல, அப்பாவைவிட நல்ல கண்ணு" என்றார். அந்த இரண்டாவதை அவரிடம் யார் கேட்டது? ஆட்டம் முடிந்ததும் என் பிள்ளைகள் நாலு பேர் உன்னைச் சுற்றி நின்று, "அக்கா, உங்க டீம்ல சேரலாமா?" என்று கேட்டதையும் பார்த்தேன். நீ சிரித்ததையும் பார்த்தேன்.

உதவிக் கோச் வேலை எனக்கு வேண்டாம். தண்ணீர் பாட்டில் தூக்க வேறு ஆள் பார்த்துக்கொள். கோப்பை வாங்கியவன் நான். இருபத்து நாலு வருடத்துக்கு முன் இறுதி ஆட்டத்தில், வெளியே இருந்த மூன்று பேரையும் இறக்கிய பிறகு ஒருவனுக்குக் காலில் அடிபட்டு, கடைசிக் கால்மணி நேரம் இறக்குவதற்கு ஆளே இல்லாமல், பத்துப் பேரை வைத்து ஜெயித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும், பெயர்ப் பட்டியல் எழுதியவள் நீதானே. பதினோரு வயதில் உனக்கு எழுதத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுவாய். முதலில் வெளியே உட்காரும் மூன்று பேர், பிறகு இடது விங், அப்படியே வந்து கடைசியில் கோல்கீப்பர். கோல்கீப்பர் கதவு மாதிரி, எல்லோரும் உள்ளே போன பிறகுதான் சாத்த வேண்டும் என்பேன். நீ சிரிப்பாய்.

மூன்று கோல் போட்ட அந்த நெட்டைப் பெண்ணுக்குப் பன்னிரண்டுக்குள்தானா வயது? பதினாலு இருக்கும் போலிருக்கிறது. சும்மா கேட்டேன்.

அப்பா

பிப்ரவரி 20

அப்பாவுக்கு,

லீக் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. எங்கள் நெட்டைப் பெண்ணுக்குப் பதினாலு வயது என்று அதில் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் வந்து சேரும்வரை அவளை நிறுத்தி வைத்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டு முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. சான்றிதழ் வருவதற்குள் இரண்டு ஆட்டம் போய்விட்டது. இரண்டிலும் ஷூவைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கோச் அக்கா, நான் கொஞ்சம் குனிஞ்சு ஆடினா விடுவாங்களா?" என்று கேட்டாள்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் காட்டினார். எங்கள் அணியின் பதினாலு பேரையும் எழுதி, அவள் பெயருக்குக் கீழே கோடு போட்டிருந்தது. முதலில் வெளியே உட்காரும் மூன்று பேர். பிறகு இடது விங். கடைசியில் கோல்கீப்பர்.

இந்த லீக்கில் நாற்பது கோச்சுகள் இருக்கிறார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் கோல்கீப்பரைத்தான் முதலில் எழுதுவார்கள். "யாருன்னு தெரியுதா?" என்று செயலாளர் கேட்டார். தெரியவில்லை என்றேன். வீட்டுக்கு வரும்வரை ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எழுத்து எவ்வளவு திருத்தமாகிவிட்டது என்பதுதான்.

கோப்பை வருடத்துப் பட்டியல்களின் கார்பன் நகல் அம்மாவின் பீரோவுக்கு மேலே தகரப் பெட்டியில் இருக்கிறது. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். கோல்கீப்பருக்குக் கீழே பாருங்கள்.

கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம்.

மகள்

மார்ச் 11

அன்பு மகளுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்.

பெட்டியை இறக்கினேன். இருபத்திரண்டு தாள். ஒவ்வொன்றிலும் கோல்கீப்பரோடு பதினாலு பேர் முடிகிறார்கள். அதற்குக் கீழே, பதினைந்தாவதாக, உன் பெயர். முதல் தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது. இறுதி ஆட்டத்துத் தாளில் மற்றவர்கள் பெயர் அளவுக்கே இருக்கிறது.

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். உன் பெயரை அதற்கு முன்பு நான் படித்ததே இல்லை, கூப்பிட்டுத்தான் பழக்கம்.

வழுக்கை ரெஃப்ரி ஒருவர் வாராவாரம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இன்னொருத்தர் இருக்காங்களே?" என்பார். "பதினாலுதான் சார், நல்லா எண்ணுங்க" என்பேன். அவருக்கு எண்ணத் தெரியவில்லை என்று உன்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ பேனாவை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பாய்.

அந்த வயதில் பெண் பிள்ளைகளும் ஆடலாம் என்று லீக் விதிப் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. நேற்றுத்தான் படித்தேன். நீ அன்றைக்கே படித்திருக்கிறாய்.

உன் அம்மாவிடம், "ஷூ இருந்துச்சா அவகிட்ட?" என்று கேட்டேன். "உங்க அக்கா பையனோட பழசு. நுனியில துணி அடைச்சுப் போட்டுக்குவா. வாராவாரம் பையைத் தூக்கிட்டு உங்க பின்னாலதானே வந்தா? உள்ள என்னன்னு நீங்க ஒருநாளும் கேக்கலையே" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இறக்குவதற்கு ஆளே இல்லை என்று இருபத்து நாலு வருடமாகப் பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். பதினோராவது ஆள் ஷூவோடு என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பார்த்தது பட்டியல் எழுதுகிற பிள்ளையை.

லீக்குக்கு இன்னொரு கடிதம் எழுதிவிட்டேன். மொட்டைக் கடிதம் எழுதியது நான்தான், எழுதிய காரணம் பொறாமை என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். செயலாளர் படித்துவிட்டு, "ஐயா, இதை நீங்க ஒத்துக்கணும்னு யாரும் கேக்கலையே" என்றார். என்றாலும் விதி விதிதான். இந்தப் பருவம் முடியும்வரை பெஞ்சுக்கு வரக் கூடாது என்று தாள் கொடுத்தார். நானே படித்து வாங்கிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். உன் கண்ணில் பட்டிருக்க மாட்டேன். நெட்டைப் பெண் நிமிர்ந்தே ஆடினாள். முதலில் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ நாள் சொல். இருபதாவது நிமிடத்தில் அவளை இடது பக்கம் மாற்றினாயே, நானாக இருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே மாற்றியிருப்பேன். இல்லை, அது பொய். எனக்குத் தோன்றியே இருக்காது. பொறாமை போய்விட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். போகவில்லை. ஆனால் இப்போது அது யார்மேல் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணை நீ பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினாய், அப்போதுதான் எனக்கு நெஞ்சு அதிகமாக எரிந்தது.

இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான், தண்ணீர்க் குழாய்ப் பக்கம், வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் பழைய ஷூவை எண்ணெய் போட்டுத் துடைத்துப் பையில் வைத்திருக்கிறேன். பருவம் முடிந்த பிறகு உன் பெஞ்சில் இடம் இருந்தால் கூப்பிடு. கூப்பிட்டே ஆக வேண்டும் என்று இல்லை.

நீ இருபத்திரண்டு வாரம் காத்திருந்தாய். எனக்கு இன்னும் ஒன்றுதான் ஆகியிருக்கிறது.

உன் அப்பா