தலைவருக்கு ஒரு தாலாட்டு

இன்று மாலை மில் வேனிலிருந்து இறங்கி நம் ஊர்ப் பாதையில் திரும்பினேன். ஒரு வாரமாக அவிந்துகிடந்த வாய்க்கால் பாலத்துத் தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தது. நின்று அண்ணாந்து பார்த்தேன். அடியே, உன் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

அப்போதெல்லாம் கம்பம் ரோட்டிலிருந்து ஊர்வரைக்கும் ஒரு விளக்குகூடக் கிடையாது. நூல் மில்லில் வேலை முடித்து, பஞ்சு ஒட்டிய தலையோடு நாம் கைகோத்துக்கொண்டுதான் நடப்போம். ஒருநாள் நம்மோடு வந்த முருகாயி இருட்டில் வாய்க்காலுக்குள் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். மனு எழுதி நமக்குக் கை சலித்தது. "பாக்கலாம்" என்று சொல்லி ஊராட்சித் தலைவருக்கு வாய் சலிக்கவில்லை. நடுரோட்டில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப்போகிறேன் என்று நான் குதித்தேன். நீ சிரித்தாய்.

"ஏ புள்ள, நீ கத்துனா அவுகளும் கத்துவாக. தாலாட்டுனா என்ன செய்வாக?"

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நீயோ பொங்கல் விழாவில் பெண்களுக்கான தாலாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாய். வாடகை டியூப் லைட் வெளிச்சத்தில், கழுத்தில் மாலையோடு மேடை நடுவில் தலைவர். மற்றவர்கள் எல்லாம் வெறும் தொட்டிலைப் பார்த்துப் பாடினார்கள். நீ அவர் பக்கம் திரும்பி நின்றாய்.

"கண்ணுறங்கு எங்க ராசா, கவலையத்துக் கண்ணுறங்கு.
வெளிச்சம் ஒன் கண்ணு கூசும், வீதி வெளக்க அமத்திவச்சோம்.
வாய்க்காலுல விழுந்தவதான் வலி பொறுக்காமக் கத்திப்புட்டா,
சத்தத்துக்கு முழிச்சியோ? சாமி, அவள வையட்டுமா?"

குரலில் துளி கேலி இல்லை. பெற்ற பிள்ளையைத் தூங்கவைக்கிற கனிவு. முதல் வரிக்குத் தலைவர் பூரித்துத் தலையாட்டினார். இரண்டாம் வரியில் ஆட்டம் நின்றது. கடைசிக் கேள்விக்கு, கையில் கட்டோடு முன்வரிசையில் இருந்த முருகாயிதான் முதலில் சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது. எனக்குக் கண்ணீர் வந்தது. இவள் என் சிநேகிதி என்று மைக்கைப் பிடுங்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

தலைவர் எழுந்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். "ஆத்தா, முழிச்சுக்கிட்டேன்" என்றார். தை முடிவதற்குள் பாதையோர மின்கம்பங்களில் விளக்கு ஏறியது.

எப்படியடி சிரிக்காமல் பாடினாய் என்று கேட்டேன். "நான் சிரிச்சிருந்தா அவுகளும் சேந்து சிரிச்சிட்டுப் போயிருப்பாக. தாலாட்டுறதுதான் என் வேலை. சிரிக்கிறது ஊரு வேலை" என்றாய். அன்று இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. தலைவரும் மாறிவிட்டார். நேற்று இந்த விளக்குக்காக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். "பாக்கலாம்" என்றார் புது எழுத்தர். எனக்குக் குரல் உயரப் பார்த்தது; அடக்கிக்கொண்டேன். "தம்பி, வெளிச்சம் கண்ணு கூசுதா? மத்த வெளக்கையும் அமத்தச் சொல்லட்டுமா?" என்று கனிவாகக் கேட்டேன். பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பாட்டுத் தெரியாதவர்கள் நம் ஊரில் யார்?

எனக்குப் பாட வராது, உனக்குத் தெரியும். ஆனாலும் இன்று பாலத்து விளக்கடியில் உன் வரிகளை முணுமுணுத்தேன். வேனில் கூட வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பாதை நன்றாகவே தெரிந்தது. இருந்தும் கைகோத்துக்கொண்டு பாடியபடி வீடு வந்தோம்.