வாஷர் பிரஸ் போட்ட தாளம்

அடியே,

இன்று காலை உன் கிட்டார் பையின் ஜிப்பை இழுத்தேன். குப்பென்று மெஷின் ஆயில் வாடை. எத்தனை முறை வெயிலில் போட்டாலும் போகாது போலிருக்கிறது. உன் அம்மா இந்தப் பையை என்னிடம் தரும்போது, "இத்த ஊட்ல வெச்சிக்க முடிலம்மா, அவ வந்து நிக்கிற மாறியே கீது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அழுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சண்டை நம் ஆல்பத்துக்காக. அம்பத்தூர்க்காரிகள் இரண்டு பேர் பிரெஞ்சில் ராக் பாடினால் ஊர் என்ன சொல்லுமோ அதையெல்லாம் சொன்னது, உனக்கே தெரியும். பள்ளியில் மார்க் அள்ளலாம் என்று எடுத்த மொழி அது. பரீட்சை முடிந்த மறுநாளே நானெல்லாம் மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. "தமிழ்லயே பாடலாமேடி" என்று ஆரம்பத்தில் கேட்டேன். "தமிழ்ல பாடுனா எங்க நைனாவுக்குப் புரியும். இங்கிலீஷ்ல பாடுனா ஆபீஸ் மேனேஜருக்குப் புரியும். இதுலன்னா நான் யார வேணா திட்டலாம்" என்றாய்.

ஆசை தீரத் திட்டினாய். ஆவடி லோக்கலில் லேடீஸ் பெட்டிக்குள் ஏறி நின்றுகொண்டு முறைக்கும் ஆண்களுக்கு ஒரு பாட்டு. செம்பரம்பாக்கத்தில் வயலைக் கூறு போட்டு விற்ற உன் மாமாவுக்கு ஒரு பாட்டு. பெண் பார்க்க வந்து, பஜ்ஜியைக் காலி செய்துவிட்டு, "கிட்டாரெல்லாம் விட்ருவியாம்மா?" என்று கேட்ட குடும்பத்துக்கு ஒரு பாட்டு. அதைப் பாடும்போது மட்டும் உன் காது மடல் சிவந்துவிடும்.

நம்மிடம் டிரம்ஸ் வாசித்தவன் பெங்களூரில் வேலை கிடைத்ததும் போய்விட்டான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாம் வாடகைக்கு எடுத்திருந்த பாதி ஷெட்டில், மறு பாதியில் தகட்டிலிருந்து வாஷர் வெட்டும் பிரஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட், தட், தட். முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டினோம். எலி வந்ததுதான் மிச்சம், சத்தம் குறையவில்லை. ஒரு சனிக்கிழமை நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "அதான் அண்ணாத்தே அடிச்சிகினே கீறாரே, இன்னொரு டிரம்மர் எதுக்குடி?" என்று கேட்டுவிட்டுக் கிட்டாரை எடுத்தாய்.

அன்றிலிருந்து பிரஸ் ஓட்டும் அண்ணாத்தேதான் நம் தாளம். காலையில் அவர் கால் பெடலை வேகமாக மிதிக்கும், அப்போது வேகப் பாட்டு. சாப்பாட்டுக்குப் பிறகு மந்தமாகும், அப்போது சோகப் பாட்டு. "இன்னா பாட்டும்மா இது, ஒண்ணும் புரில. ஆனா வேல சல்லுனு போவுது" என்பார்.

கடைசிப் பாட்டை ரெக்கார்டிங்கில் சத்த அளவு பார்க்கச் சும்மாதான் பாடினாய். பாதியில் டீ வந்தது, அவர் பெடலிலிருந்து காலை எடுக்கப் போனார். நீ பாடிக்கொண்டிருந்த வரியை அப்படியே விட்டுவிட்டு, "அண்ணாத்தே, நிறுத்தாத! பாட்டு கீது!" என்று கத்தினாய். அவர் நிறுத்தவில்லை. நீ மீதியைப் பாடி முடித்தாய். "அடுத்த சனிக்கிழமை ஒழுங்கா பாடிக்கிறேன்" என்றாய். அடுத்த சனிக்கிழமை காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அதற்கடுத்த சனிக்கிழமை நீ இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் அனுப்பிய பாட்டுகளைக் கேட்டுவிட்டு, பிரான்ஸிலிருந்து ஒரு கம்பெனி ஆல்பத்தை வெளியிடுகிறேன் என்றது. நேற்று வீடியோவில் பேசினார்கள். பாட்டெல்லாம் பிரமாதமாம். உச்சரிப்புதான் இடிக்கிறதாம். உன் குரலையே கம்ப்யூட்டருக்குப் பழக்கி, சுத்தமான பிரெஞ்சில் திரும்பப் பாட வைப்பார்களாம். பிரஸ் சத்தத்தை எடுத்துவிட்டு நல்ல டிரம்ஸ் போடுவார்களாம். அந்தக் கத்தலை வெட்டிவிடுவார்களாம். நம் பாட்டுகளை மிக்ஸிங் செய்பவர் என் பக்கத்தில் இருந்தார். "யோசிங்க மேடம். அவங்க குரல் உலகம் பூரா போகும்" என்றார்.

"அவ குரல் போகாது சார். நீங்க செஞ்ச ஏதோ ஒண்ணு போகும்" என்றேன்.

கல்லூரி மேடையில் உன் உச்சரிப்பைக் கேட்டு ஒருவன் சிரித்தானே, அப்போது மைக்கிலேயே நீ சொன்னது ஞாபகம் வந்தது. அதையே அவர்களுக்கும் சொன்னேன், உன் பாஷையிலேயே. "அம்பத்தூர்க்காரிக்கு அம்பத்தூர் பிரெஞ்சுதான் வரும். கேக்கறதுன்னா கேளு, இல்லாங்காட்டி போய்கினே இரு." மிக்ஸிங்காரர் பாதியை முழுங்கிவிட்டு மீதியை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். பிறகு அழைப்பு முடிந்தது.

ராத்திரியே நானே இணையத்தில் ஏற்றிவிட்டேன். உன் உச்சரிப்பு, தட் தட், கத்தல், எதிலும் கை வைக்கவில்லை. இதுவரை கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். உன் நைனா கேட்டாராம். "ஒண்ணும் புரில, ஆனா யாரையோ நல்லா திட்றா" என்றாராம்.

இன்று சனிக்கிழமை. அண்ணாத்தேவுக்கு போன் செய்து மெஷினை ஓட்டி வைக்கச் சொல்லிவிட்டேன். வீடியோவில் பேசியவர்களைத் திட்டி ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன், உன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். பாடப்போவது நான். என் பிரெஞ்சு உன்னுடையதைவிட மோசம். எவன் திருத்த வருகிறான், பார்க்கலாம்.