கவிழ்தும்பையின் உட்புறம்

என்னவருக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, உங்களைப் படுக்கவைத்திருக்கும் மண்மேட்டின் மேல் ஒரு செடி பூத்திருந்தது. ஒரு கிளையைக் கிள்ளி வந்து, நம் தாவர ஆய்வகத்தில் காகிதங்களுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். அன்று எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அட்டையில் 'தும்பை' என்று எழுதிவிட்டேன். இருபது வருஷமாக நீங்கள் கிண்டல் செய்த அதே தப்பு.

புதன்கிழமை பார்த்தால், நான் எழுதியது அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் உங்கள் பென்சில் எழுத்து: "தும்பை இல்லடி, கவிழ்தும்பை. இலையைத் தடவிப் பாரு, சொரசொரன்னு குத்தும். பூவுக்குள்ள அஞ்சு பழுப்புப் புள்ளி."

காவலாளியைக் கேட்டேன். "நீங்க பூட்டிட்டுப் போனப்புறம் யாரும் உள்ள வரலம்மா" என்றார். நானே எழுதியிருப்பேனோ என்றுகூட நினைத்தேன். ஆனால் பூவின் உள்ளே நான் பார்க்கவே இல்லையே. அழுத்தியதில் இதழ்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

இன்று மறுபடி உங்கள் மண்மேட்டுக்கு வந்தேன். அந்தப் பூ எப்போதும் தரையைப் பார்த்துத்தான் தொங்கும். கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்துப் பார்த்தேன். ஐந்து புள்ளிகள். அடியிலிருந்து பார்ப்பவருக்கு நன்றாகவே தெரியும்.

கோபம் அதற்கில்லை. இவ்வளவு சின்னப் புள்ளியை எண்ண உங்களுக்கு வெளிச்சம் வேண்டும். டார்ச் பிடிப்பது எப்போதும் நான்தான்.

அங்கே யார் பிடிக்கிறார்கள்?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி