கீழ்வீட்டுக்குக் கேட்கும் அழுகை

அன்புள்ள வீட்டு மகாராணிக்கு,

இங்கே நலம். அங்கே நீ, மகள், மாப்பிள்ளை, புது வரவான பேரன் எல்லோரும் நலம்தானே. போனில் சொன்னால் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று சிரிப்பார் என்பதால் கடிதம். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை மதியம் இடுப்பில் துண்டோடு, பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒரு நாயை வேவு பார்த்தேன். பீரோ மேலிருந்த சூட்கேஸ் தலையில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த கீழ்வீட்டுக்காரி பார்த்த கோலத்தை நான் விவரிக்க மாட்டேன். அவள் விவரிப்பாள்.

நாய் ஏது என்று கேட்பாய். இன்னும் இரண்டு மாதம் அங்கேயே இருக்கப்போவதாக நீ சொன்ன மறுநாள், கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் காப்பகத்துக்குச் சும்மா பார்க்கத்தான் போனேன். திரும்பும்போது மடியில் ஒன்று இருந்தது. முயலைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். என் பழைய மேனேஜர் மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்ப்பதால் 'மேனேஜர்' என்றே கூப்பிடுகிறேன்.

சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது. இதை ஏற்கெனவே இரண்டு வீட்டார் கொண்டுபோய்த் திருப்பி விட்டார்களாம். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சார், அவங்களுக்கு ஒத்துவரல" என்று காப்பகத்து அம்மா பேச்சை மாற்றினாள். விருப்ப ஓய்வு வாங்கும்வரை குழாய்த் தொழிற்சாலையில் கசிவு பார்த்தவனிடமா இந்தப் பூசி மெழுகல்? ஒன்றுமில்லாத குழாய் இரண்டு தரம் திரும்பி வராது.

வந்த நாளிலிருந்து சோதனைதான். கடிக்கிறதா என்று விரலை நீட்டினேன், நக்கியது. திருடுகிறதா என்று பிஸ்கட்டைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தேன், தொடவில்லை. (பிறகு நானே சாப்பிட்டேன். திட்டத்தான் நீ இல்லையே.) இவ்வளவு யோக்கியமாக இருப்பவர்களை நான் நம்புவதில்லை. உன் அண்ணனை நம்பினேனா?

கடைசியில் குறையைக் கண்டுபிடித்தது கீழ்வீட்டுக்காரிதான். "அண்ணே, மத்தியானம் ஆனா உங்க நாய் அழுவுது. குரைக்கல, ஊளையும் இல்ல, அழுவுது" என்றாள். நான் வீட்டில்தானே இருக்கிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. தினமும் மதியம் உன்னோடு போன் பேசி முடித்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். அந்த நேரம் பார்த்து அழுகிறதோ என்னவோ. வெளியே வந்தால் கதவை ஒட்டி உட்கார்ந்து என்னையே பார்க்கும். முகத்தில் துளி வெட்கம் கிடையாது. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அன்று குளிக்கப் போவதுபோல் போய்விட்டுப் பீரோவுக்குப் பின்னால் பதுங்கினேன். அது வாயே திறக்கவில்லை. பயங்கரக் கள்ளன்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் மாடியேறி வந்து, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க, இன்னொரு புகார் வந்தா நாயை அனுப்பிடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மூன்றாம் தடவையும் திரும்பி வந்தால் இதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்கிறாள் காப்பகத்து அம்மா. இந்த முறை அவள் பேச்சை மாற்றவில்லை.

பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டு வா என்று சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை. வருகிற தேதியை மட்டும் இன்னொரு தரம் தள்ளிப்போடாமல் சொல். அதைச் சொல்லிச் செயலாளரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்பேன். நாய்க்காகத்தான் கேட்கிறேன். பேரன் நூறு வயது நன்றாக இருக்கட்டும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக் காவல்காரன்

பி.கு.: மேனேஜருக்கு வயிறு சரியில்லை என்று நேற்றுக் காலையே நாய் டாக்டர் தன் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார். இன்று மாலைதான் கூட்டி வந்தேன். நேற்று மதியமும் அழுகை கேட்டதாகக் கீழ்வீட்டுக்காரி சொல்கிறாள்.