பெரட்டுக்கு நின்றவர்களின் படை

மச்சான்,

நேற்று ஈப்போவில் வழக்கமான கடையில் முனியாண்டி சாமிக்குச் சுருட்டு வாங்கினேன். காரில் வைத்துக் கதவைச் சாத்தியதும் வாசனை உள்ளே நிறைந்துவிட்டது. நம் ஊர் பத்து காஜா போய்ச் சேரும்வரை நீ பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நான் வண்டி ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாய். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன் வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போன மாதம் நடந்தது. ஆனால் அதைச் சொல்ல அந்தப் பழைய கூட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட, நம் முனியாண்டி புதுக் குடியிருப்பான தாமான் ஓரத்து மூலை நிலத்துக்குக் குடிவந்த சமயம் அது. பகலில் மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பூசாரி ஆகிவிடுவாய். சாமிக்குச் சுருட்டும் ஒரு போத்தல் கறுப்பு பீரும். வேண்டுதல் இருந்தால் சேவல். நான் செயலாளர். அதாவது கடிதம் எழுதுகிறவன், திட்டு வாங்குகிறவன்.

கோயில் தலைவர் கெட்டவர் இல்லை. கட்சிக் கிளைக்கும் அவரே தலைவர். கோயிலுக்குப் பதிவு இல்லை, நிலத்துக்குப் பட்டா இல்லை, நாளைக்கு யாராவது வந்து இடி என்றால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. சாத்திரப்படி நடக்கும் கோயில் என்றால் நாலு பேர் மதிப்பார்கள், பெரிய மனிதர்கள் குடமுழுக்குக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டார். ஆகவே சேவல் போக வேண்டும், சுருட்டு போக வேண்டும், கூடவே நீயும் போக வேண்டும், குருக்கள் வர வேண்டும். இதற்குப் பழைய நூலில் ஆதாரம் தேடும் வேலையை என் தலையில் கட்டினார். நம் வட்டாரத்தில் அப்படி ஒரு நூல் உன் வீட்டில்தான் இருந்தது. உன்னை வெளியே அனுப்ப உன் புத்தகத்தையே இரவல் வாங்கினேன். நீ அட்டை போட்டுக் கொடுத்தாய்.

பூசை முறைகளைச் சொல்லும் நூல் அது. தெய்வத்தின் முன் உயிர்ப்பலியும் கள்ளும் ஆகாது என்று ஓரிடத்தில் இருந்தது. அடுத்த வரியிலேயே, போர்ப் பாசறையில் காவல் தெய்வத்துக்கு மட்டும் வீரர்கள் உண்பதையே படைக்கலாம் என்று இருந்தது. இரண்டையும் படித்தேன். கூட்டத்துக்கு அடித்த துண்டறிக்கையில் முதல் வரியை மட்டும் போட்டேன். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

கூட்டத்தில் தலைவர் அதை வாசித்ததும் செல்லம்மா அக்கா எழுந்தார். மகன் பிழைத்து வந்ததற்குச் சேவல் நேர்ந்திருந்தவர்.

"அப்ப இத்தன வருஷம் எங்க கையால சாமிக்குக் கொடுத்ததெல்லாம் பாவமா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீதான் எழுந்தாய். தாளில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வரியை மனப்பாடமாக ஒப்பித்தாய். அது ராஜாவின் பட்டாளத்துக்குச் சொன்னது, தோட்டத்து ஆட்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று தலைவர் மடக்கினார். நீ விடவில்லை.

"விடியிறதுக்கு முன்ன பெரட்டுல வரிசையா நின்னு, பேர் கூப்பிட்டதும் காட்டுக்குள்ள போனவங்க பட்டாளம் இல்லாம வேற என்ன லா? நாம குடியிருந்த லயம்தான் பாசறை. முனியாண்டிதான் காவல்."

கிழவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். பெரட்டுக்கு நின்ற கால்களாயிற்றே. சேவல் தங்கியது, நீயும் தங்கினாய்.

பிறகு ஒட்டுக்கடையில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறாய் என்று காத்திருந்தேன். நீயோ தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சிரித்தாய்.

"நானும் வளைச்சுத்தான் சொன்னேன் மச்சான். நூல எழுதுனவன் எங்க, நம்ம லயம் எங்க. தலைவரு ஆள வெளிய தள்ள வளைச்சாரு, நான் உள்ள வைக்க வளைச்சேன். அதுக்காக வளைக்கலன்னு ஆயிடுமா?"

நான் விட்ட வரியைப் பற்றி அன்றும் பேசவில்லை, சாகும்வரை பேசவில்லை. திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். நீ திட்டாததுதான் இத்தனை வருஷமாக என்னைக் குடைந்தது.

இப்போது கேள். தேர்தல் நெருங்குகிறது. நம் இளவட்டங்கள் திருவிழாவுக்குச் சட்டை அடிக்கக் கிளம்பினார்கள். முதுகில் இரண்டு வாள், நடுவே 'போர்ப்படைப் பரம்பரை'. போன மாதக் கூட்டத்தில் தலைவருக்கு ஒரே பூரிப்பு. நாம் ராஜாவின் படையில் இருந்தவர்கள் என்று பழைய நூலே சொல்கிறதாம், பூசாரி அண்ணனே அதை எடுத்துக்காட்டினாராம். வேறு தோட்டங்களிலிருந்து வந்து தாமானில் குடியேறியவர்கள் அந்தப் பரம்பரை இல்லையாம். அவர்கள் கும்பிடலாமாம், நிர்வாகத்தில் வேண்டாமாம். உள்ளே வைக்க நீ வளைத்ததை வெளியே தள்ள எடுத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் நின்ற அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்த்தேன். உன் பெயரால் அது நடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எழுந்துவிட்டேன்.

"பூசாரி அண்ணன் வளைச்சுச் சொன்னாரு. எங்கிட்ட அவரே ஒத்துக்கிட்டாரு. நம்ம தாத்தாமாரு வாள் பிடிக்கல, பால் மரம் சீவுற கத்திதான் பிடிச்சாங்க. அவரு வளைக்க வேண்டி வந்ததே என்னாலதான். அன்னிக்கு ஒரு வரிய வேணும்னே விட்டவன் நான்."

செல்லம்மா அக்கா என்னையே பார்த்தார். "உக்காரு தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்றார். அவ்வளவுதான்.

தலைவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் நில அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அவரே கூப்பிட்டார். புதுக் குடும்பங்களிலிருந்து இரண்டு பேர் நிர்வாகத்துக்கு வந்திருக்கிறார்கள். சட்டையில் இப்போது சாமி பெயர் மட்டும். எனக்குத் தொப்பை இடிக்கிறது, ஆனாலும் போட்டுக்கொள்கிறேன்.

யார் எந்த நூலைப் பிரித்துக் காட்டினாலும் இப்போதெல்லாம் அடுத்த வரியைப் படித்துவிடுகிறேன். பிறகு, இவர்கள் சொல்லும் பொருளால் யார் வாசலுக்கு வெளியே நிற்கப்போகிறார் என்று பார்க்கிறேன். இது உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் நீ காப்பாற்றிக் கொடுத்த என் மானத்தைப் போன மாதம் நானே செலவழித்துவிட்டேன், மச்சான். நிம்மதியாக இருக்கிறது.