கையில் கொடுத்த தீப்பெட்டி

பாத்கென், ஏப்ரல் 9

அன்புத் தங்கை ஜிபாருக்கு,

பிள்ளைகள் நலம். ஆடுகள் குட்டி போட்டிருக்கின்றன. போனில் பேசாமல் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டாலே இப்போது கோபம் வருகிறது.

விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் உங்கள் செயற்கை அறிவுக் கருவி உன் குரலில் பேசுவதால்தான் ஊரே அதை நம்பியது. நம் வீட்டுப் பெண் சொல்வதைச் சந்தேகப்பட்டால் மரியாதையா? ஆப்ரிகாட் பூத்திருந்த சமயம், "இன்றிரவு உறைபனி இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்" என்றாய். பக்கத்துத் தோப்பு சராபத் அக்கா, பனி பூவைத் தாக்காமல் இருக்க, புகை மூட்ட ஈர வைக்கோலைக் குவித்து வைத்திருந்தாள். "என் தங்கச்சியே சொல்லிட்டா, போய்ப் படு அக்கா" என்று அவள் கையிலிருந்த தீப்பெட்டியை நான்தான் பிடுங்கினேன்.

விடிந்தபோது பூவெல்லாம் கருகியிருந்தது. கணவன் போன பிறகு அவளுக்கு அந்தத் தோப்பை விட்டால் வேறு கதி ஏது? என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எர்மெக்

பிஷ்கெக், ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணா,

தீப்பெட்டியைப் பிடுங்கியது நீ இல்லை, நான். கருவி முதலில் "உறுதியில்லை" என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் ஆட்கள் போனை வைத்துவிட்டார்கள். அந்த வார்த்தையை வெட்டச் சொன்னவள் நான்தான். அடித்துப் பேசினால் நம்புவார்கள் என்று நினைத்தேன். அது கணக்கில் எடுக்கும் வெப்பமானி மேட்டுச் சாலையில் இருக்கிறது. நம் பள்ளத்தில் குளிர் தேங்கும் என்பது அங்கே வளர்ந்த எனக்குத் தெரியாததா?

எல்லாவற்றையும் திரும்பப் பேசிப் பதிகிறேன். எதை வைத்துச் சொல்கிறது, எது தெரியாது என்பதையும் இனி அது சொல்லும். "தெரியாதுங்கிற கருவியை எவன்மா கேட்பான்?" என்கிறார் மேலதிகாரி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

சராபத் அக்கா முகத்தில் விழிக்கத்தான் தைரியம் இல்லை.

ஜிபார்

பாத்கென், மார்ச் 27

தங்கச்சி,

ஒரு வருடம் ஓடி, தோப்பு மறுபடி பூத்துவிட்டது. நேற்று சாயங்காலம் உன் குரல், "மேட்டுச் சாலை அளவை வைத்துச் சொல்கிறேன். உங்கள் பள்ளம் எப்படி என்று எனக்குத் தெரியாது. வெளியே போய்ப் பாருங்கள்" என்றது. நான் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய் சராபத் அக்கா கையில் கொடுத்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள், தரையைத் தொட்டுப் பார்த்தாள், பற்றவைத்தாள். எல்லோரும் இருமித் தள்ளினோம். பூ பிழைத்தது.

"உன் தங்கச்சி எப்பதாண்டா வருவா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா" என்றேன்.

"அடேய், நீயும் கத்துக்கிட்டியா!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு, காய் பழுக்கும்போது உன்னைக் கட்டாயம் வரச் சொன்னாள்.

எர்மெக்